தூள் வழக்கு, வாராந்தக் கையொப்பம், பிடிபட்ட டெஸ்ட்: தம்பியை அழைத்துப் போவதா, விடுவதா?

கொட்டாஞ்சேனை அக்கா
புதன், இரவு 10.42

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். இதை வீட்டுக்கு வெளியே கதைக்க எனக்கு ஆளில்லை.

என் தம்பிக்கு 26 வயது. பேலியகொடை மரக்கறிச் சந்தையில் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலை. சந்தை புறக்கோட்டையில் இருந்த காலத்திலேயே அப்பாவோடு மூட்டை தூக்கப் போனவன். 2020இல் மெனிங் சந்தையைப் பேலியகொடைக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு அவன் நடுச்சாமத்திலேயே வீட்டை விட்டுப் போய்விடுவான். அந்த இரவு வேலையோடுதான் தூள் (ஹெரோயின்) பழக்கமும் வந்தது என்று அம்மா சொல்கிறார். அதற்கு முன்னரே இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஐந்து மாதத்துக்கு முன்னர் ஒரு சின்னப் பெக்கட்டோடு பிடிபட்டான். இரண்டு வாரம் விளக்கமறியல். குற்றத்தை ஒப்புக்கொண்டான். நீதவான் அவனைச் சிறைக்கு அனுப்பாமல் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை போட்டார். வாரம் ஒரு நாள் அலுவலகத்துக்குப் போய்க் கையொப்பம் வைக்க வேண்டும். சம்பளமில்லாத வேலை சில மணித்தியாலம் செய்ய வேண்டும். ஆலோசனைக்குப் போக வேண்டும். தூள் தொடக் கூடாது. நாங்கள் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான். தந்த தாள் சிங்களத்தில் இருந்தது, தம்பி வாசிக்காமலே ஒப்பம் வைத்துவிட்டான்.

ஏழு வாரம் ஒழுங்காகப் போனான். எட்டாவது வாரம் சிறுநீர் டெஸ்ட் எடுத்தார்கள். பிடிபட்டது. அங்கே அவனைப் பார்க்கும் அலுவலர் மிஸ் ஏசவில்லையாம். "அடுத்த செவ்வாய் வா, கதைப்போம்" என்று மட்டும் சொன்னாராம். அன்றிலிருந்து இரண்டு செவ்வாய் போகவில்லை. முகத்துவாரத்தில் ஒரு கூட்டாளி வீட்டில் படுக்கிறான். அம்மா சோறு கட்டிக் கொடுத்து அனுப்புகிறார், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு.

வரும் செவ்வாய் நான் கையைப் பிடித்து அழைத்துப் போனால் அங்கேயே பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களா? நானே தம்பியைக் கொண்டுபோய்ச் சிறையில் விட்டவளாகிவிடுவேனோ என்ற பயத்தில் இரண்டு வாரமாகத் தூக்கமில்லை. போகாமல் விட்டால் என்ன நடக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


புதுக்கடை சட்டத்தரணி
புதன், இரவு 11.35

தங்கச்சி, முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். தம்பியைப் பார்க்கும் அந்த மிஸ் பொலிஸ் அல்ல. விளக்கமறியலில் வைக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. கட்டளையை மீறினால் நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்புவது அவர் கடமை. அந்த அறிக்கையைப் பார்த்து முடிவெடுப்பவர் நீதவான். இதெல்லாம் 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடப்பது. நிபந்தனைகளை மாற்றலாம், கட்டளையைத் தொடர விடலாம், இரத்துச் செய்து தண்டனை கொடுக்கவும் செய்யலாம். ஆக ஆபத்து இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் என் அனுபவத்தில் நீதவான் கேட்கும் முதல் கேள்வி "டெஸ்டில் பிடிபட்டானா?" என்பதல்ல, "ஆள் வருகிறானா?" என்பதுதான். பிடிபட்ட டெஸ்டுக்கு விளக்கம் சொல்ல இடமிருக்கிறது. இரண்டு மூன்று தவணை ஆளே இல்லை என்றால் பிடியாணை கேட்பதைத் தவிர யாருக்கும் வழியில்லை. பிடியாணையில் பிடிபட்டு வருபவனுக்காகப் பேசுவது, தானாக வந்தவனுக்காகப் பேசுவதை விடப் பல மடங்கு கஷ்டம்.

முகத்துவாரம் வீடுதான் எனக்குப் பெரிய கவலை. அந்தக் கூட்டாளியிடம் எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. 1984இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து ஹெரோயின் 2 கிராமோ அதற்கு மேலோ வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. 2022 திருத்தத்துக்குப் பிறகு ஐஸ் (மெதம்பெட்டமின்) 5 கிராம் என்றாலும் அதே கதி. பொலிஸ் அந்த வீட்டுக்குள் போகும் இரவில் தம்பியும் அங்கே படுத்திருந்தால் இப்போதிருக்கும் சின்ன வழக்கு சின்ன வழக்காக இருக்காது. இன்றைக்கே வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தத் தாள். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி வழக்கில் சம்பந்தப்பட்டவர் தமிழில் கேட்கலாம், தமிழில் பேசலாம், அதற்கு மொழிபெயர்ப்பு கொடுப்பது அரசின் பொறுப்பு. என்ன நிபந்தனை என்று வாசிக்கத் தெரியாதவன் அதை எப்படிக் காப்பாற்றுவான்? செவ்வாய்க்கிழமை போகும்போது நிபந்தனைகளை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு உதவுவார்கள்.


வெள்ளவத்தை வணிகன்
வியாழன், காலை 7.10

அக்காவின் கவலை புரிகிறது, குறை சொல்ல வரவில்லை. ஆனால் மற்றப் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

என் கடையை 3 தடவை உடைத்திருக்கிறார்கள். மூன்று தடவையும் தூள் அடிக்கும் பையன்கள். ஒருவன் என்னிடம் வேலை செய்தவன், என் பிள்ளைகளோடு ஒன்றாகச் சாப்பிட்டவன். அவனும் இப்படித்தான் வாராவாரம் எங்கோ போய்க் கையொப்பம் வைத்துக்கொண்டிருந்தான். கையொப்பம் வைத்துவிட்டு வந்த அன்றே என் கடைப் பின் ஜன்னலைக் கழற்றினான். அப்படியிருக்க இந்தக் கண்காணிப்பு எதைக் கண்காணிக்கிறது? நீதவான் தூளைத் தொடாதே என்கிறார், அவன் தொடுகிறான், "அடுத்த செவ்வாய் வா" என்கிறார்கள். பிடிபட்ட அன்றே கந்தக்காட்டுப் புனர்வாழ்வு முகாமுக்கு அனுப்பியிருந்தால் அவனும் பிழைத்திருப்பான், என் கடையும் பிழைத்திருக்கும்.


கோப்புக்காரி
வியாழன், இரவு 9.20

நான் 14 வருடமாக இந்தக் கண்காணிப்பு அலுவலர் வேலைதான் செய்கிறேன். எந்த நீதிமன்றம் என்று சொல்லவில்லை, அக்காவின் தம்பியைப் பார்க்கும் அலுவலர் நான் அல்ல என்பது மட்டும் நிச்சயம். வணிகன் அண்ணாவின் கேள்வி நியாயமானது. அதற்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடங்களில் நானும் அப்படித்தான் இருந்தேன். வராவிட்டால் அறிக்கை, டெஸ்ட் பிடிபட்டால் அறிக்கை, வகுப்பைத் தவறவிட்டால் அறிக்கை. எல்லாவற்றுக்கும் ஒரே வேகம். என்ன நடந்தது தெரியுமா? தூள் அடித்தவர்கள் என் அலுவலகத்துக்கு வருவதை நிறுத்தினார்கள். நல்லாயிருந்தவர்கள் மட்டும் வந்து கையொப்பம் வைத்தார்கள். யாரைப் பார்ப்பதற்காக எனக்குச் சம்பளம் தருகிறார்களோ அவர்களை நானே விரட்டிக்கொண்டிருந்தேன். இதை விளங்கிக்கொள்ள எனக்கு நாலு வருடம் பிடித்தது. அந்த நாலு வருடத்துக் கோப்புகளில் சில பெயர்கள் இன்னும் மனதில் இருக்கின்றன.

இப்போது நான் ஒருவரிடம் கேட்பவற்றை இரண்டாகப் பிரிக்கிறேன். இன்றைக்கே செய்யக் கூடியவை ஒரு பக்கம்: சொன்ன நாளில் வருவது, சிறுநீர் கொடுப்பது, கேட்டால் உண்மை சொல்வது, மருத்துவரிடம் போவது. எவ்வளவு தூள் அடித்தாலும் இவற்றைச் செய்யலாம். ஆகவே இவற்றில் நான் கறார். ஒரு தவணை தவறினால் அன்று பின்னேரமே வீட்டுக்கு அழைப்பு போகும். மற்றப் பக்கம், தூளை நிறுத்துவது. 6 வருடம் தினமும் அடித்தவனிடம் எட்டாவது வாரத்தில் அதைக் கட்டளையாகக் கேட்பது, கால் முறிந்தவனை ஓடச் சொல்வது போல. அவன் பிடிபட்டால் நான் மாற்றுவது சிகிச்சையை. ஆலோசனையின் எண்ணிக்கையைக் கூட்டுவேன், மருத்துவருக்குக் கடிதம் கொடுப்பேன், வாரம் ஒன்றை இரண்டாக்குவேன். சிகிச்சையில் நன்றாக ஊன்றிய பிறகு, ஐந்து ஆறு மாதம் சுத்தமாக இருந்தவன் பிடிபட்டால் கதை வேறு. அப்போது கேள்வியும் கடுமையாக இருக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எல்லோரும் அடிமைகள் அல்ல. கூட்டாளிகளோடு எப்போதாவது அடித்துப் பிடிபட்டவன் இன்றைக்கே நிறுத்தலாம், அவனிடம் முதல் நாளிலிருந்தே அதைத்தான் கேட்க வேண்டும். அவனையும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களையும் ஒரே குழு வகுப்பில் உட்கார வைத்தால் அவன் அங்கே புதுக் கூட்டாளிகளைத்தான் பிடிப்பான். முதல் சந்திப்பில் வடிவாகக் கேட்டுப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே நிபந்தனை எழுதுவதுதான் எங்கள் துறையில் நடக்கும் பெரிய பிழை.

அக்கா, ஒரு சின்னக் கேள்வி. தம்பிக்குத் தந்த நேரம் காலை 9 மணியா? அப்படியென்றால் அதைக் கவனியுங்கள். இரவு முழுக்க மூட்டை தூக்கியவன். கடைசியாகத் தூள் அடித்து 8 முதல் 12 மணித்தியாலத்தில் வருத்தம் தொடங்கும். மூக்கால் ஒழுகும், வயிறு பிசையும், எலும்பெல்லாம் நோகும். அந்த நிலையில் 9 மணிக்கு வாங்கில் உட்கார வேண்டுமென்றால், வரும் வழியில் ஒரு பெக்கட் அடித்துவிட்டு வருவான், இல்லாவிட்டால் வரவே மாட்டான். என்னிடம் இருந்த பல பேருக்கு நேரத்தைப் பின்னேரத்துக்கு மாற்றியது மட்டுமே போதுமாக இருந்தது. கேட்டால் செய்து தருவார்கள். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

வணிகன் அண்ணா, உங்களிடம் வேலை செய்த அந்தப் பையன் கையொப்பம் மட்டும்தான் வைத்திருக்கிறான். அன்று அவனிடம் யாரும் "நேற்று எங்கே படுத்தாய், யாருக்கு எவ்வளவு கடன்?" என்று கேட்டிருக்க மாட்டார்கள். கையொப்பத்தை வாங்கிக்கொண்டு அனுப்புவதைக் கண்காணிப்பு என்று சொல்ல எனக்கும் மனமில்லை.


கொட்டாஞ்சேனை அக்கா
வெள்ளி, காலை 6.05

மிஸ், காலை 8.30 மணி. நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு அழுதுவிட்டேன். முதல் ஏழு வாரமும் எப்படிப் போனான் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். தெளிவாக, சிரித்த முகத்தோடு போவான். நாங்கள் எல்லோரும் திருந்திவிட்டான் என்று சந்தோசப்பட்டோம்.

நேற்று முகத்துவாரத்துக்குப் போனேன். வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறான். "அந்த மிஸ் என்னை நம்பினார், எந்த முகத்தோடு போவது?" என்கிறான். சிறைக்குப் பயம் என்று நினைத்திருந்தேன். அவனுக்கு வெட்கம்.


மீண்டவன்
வெள்ளி, பகல் 2.15

அக்கா, நான் மட்டக்குளிப் பக்கம் ஓட்டோ ஓடுகிறேன். 9 வருடம் தூள் அடித்தவன். விட்டு 6 வருடம். தம்பி சொன்னது எனக்கு நன்றாக விளங்குகிறது.

நான் இரண்டு தடவை விளக்கமறியலில் இருந்தேன், ஒரு தடவை ஒரு முகாமில். எந்த முகாம் என்று வேண்டாம். விளக்கமறியலில் வருத்தம் வந்தபோது 4 நாள் சீமெந்துத் தரையில் கிடந்தேன். நூறு பேருக்கு ஒரு கக்கூஸ். அதை அனுபவித்தவன் இனித் தூளைத் தொடமாட்டான் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நான் வெளியே வந்த அன்று பின்னேரமே அடித்தேன். அந்த வலியை நினைத்து நினைத்து, அது திரும்ப வரக் கூடாது என்ற பயத்திலேயே அடித்தேன்.

இதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். என்னோடு வெளியே வந்த ஒருவன் பழைய அளவை அப்படியே அடித்து மூன்றாவது நாள் செத்துப்போனான். உள்ளே இருக்கும்போது உடம்புக்குப் பழக்கம் விட்டுப் போகிறது, மனதுக்குப் பழைய அளவுதான் ஞாபகம் இருக்கிறது. தம்பி கொஞ்ச நாள் விட்டிருந்து திரும்பத் தொடங்கினால் அதுதான் ஆபத்தான நேரம். எழுப்பியும் எழும்பாமல், உதடு நீலமாகி, மூச்சு குறைந்தால் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை. வழக்கு வரும் என்று பயந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்காதீர்கள்.

என்னை மாற்றியது ஒரு அலுவலர். கிழவர், சிங்களவர், தமிழ் அரைகுறை. நான் பிடிபட்டு ஒரு மாதம் ஒளிந்துவிட்டுப் போனபோது அவர் கோப்பைத் திறக்கவில்லை. "சாப்பிட்டாயா?" என்று கேட்டார். பிறகுதான் கோப்பைத் திறந்தார், அறிக்கையும் எழுதினார், நான் கோட்டுக்கும் போனேன். நீதவான் ஏசினார். அவர் எழுதிய அறிக்கையில் கடைசி வரியாக "தானாகவே வந்தார்" என்று இருந்ததாம், என் சட்டத்தரணி வாசித்துச் சொன்னார். அந்த வரிக்காகத்தான் எனக்கு இன்னொரு வாய்ப்புத் தந்தார்கள்.

தம்பியோடு நான் கதைக்கவா? வேண்டாம் என்றால் பரவாயில்லை.


ஜிந்துப்பிட்டியான்
சனி, அதிகாலை 3.40

பிறந்தது ஜிந்துப்பிட்டி, இப்போது ரொறன்ரோவில் போதைச் சிகிச்சைத் துறையில் வேலை. இங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று கொஞ்சம் சொல்கிறேன்.

போதைப்பொருள் சிகிச்சை நீதிமன்றம் என்ற யோசனை 1989இல் அமெரிக்காவின் மயாமியில் தொடங்கியது. கனடாவில் முதலாவது ரொறன்ரோவில் 1998இல். கோப்புக்காரி அக்கா தன் மேசையில் தனியாகச் செய்வதை இங்கே நீதிமன்றம் முழுவதும் சேர்ந்து செய்கிறது, அவ்வளவுதான். நீதிபதி, அரச சட்டத்தரணி, எதிரித் தரப்புச் சட்டத்தரணி, சிகிச்சை தருபவர்கள் எல்லோரும் வழக்கு எடுக்கும் முன் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒவ்வொருவரைப் பற்றியும் கதைப்பார்கள். பிறகு அந்த ஆள் அதே நீதிபதி முன்னால் அடிக்கடி வந்து நிற்க வேண்டும். நீதிபதி மாறிக்கொண்டே இருந்தால் அந்த உறவு வராது.

நான் முதல் தடவை போய்ப் பார்த்தபோது ஒரு பெண் எழுந்து "வியாழக்கிழமை பாவித்தேன்" என்றார். நீதிபதி "சொன்னதற்கு நன்றி, வியாழக்கிழமை என்ன நடந்தது?" என்று கேட்டார். அடுத்து வந்தவர் இல்லவே இல்லை என்று சாதித்தார், டெஸ்டில் இருந்தது. அவருக்குத்தான் கடுமை. பாவித்ததை விடப் பொய் பெரிய குற்றம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஹெரோயினுக்கு மாற்று மருந்தான மெதடோன் எடுப்பவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் மெதடோனையும் பியூப்ரனோர்பினையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2005இலேயே சேர்த்துவிட்டது. மருந்தை இன்னொரு போதை என்று நினைத்து நிறுத்தச் சொன்ன நீதிமன்றங்கள் அமெரிக்காவில் நிறைய இருந்தன, அதனால் உயிர்கள் போயிருக்கின்றன.

இங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. இடையில் விலகுபவர்கள் அதிகம். வீடில்லாதவர்கள்தான் முதலில் விலகுகிறார்கள். தம்பிக்குப் போய்ப் படுக்க ஒரு வீடும், தேடிப் போக ஒரு அக்காவும் இருப்பது பெரிய விசயம்.


வெள்ளவத்தை வணிகன்
சனி, இரவு 8.30

எல்லாவற்றையும் வாசித்தேன். மீண்டவன் தம்பி, நீங்கள் எழுதியது என்னை யோசிக்க வைத்தது. ஆனாலும் என் மனம் ஒரு இடத்தில் நிற்கிறது. அடி விழும் என்று தெரிந்தால்தானே பயம் வரும்? பிடிபட்டால் அன்றே இரண்டு நாள் உள்ளே. தவணை, அறிக்கை, மூன்று மாதம் காத்திருத்தல் என்றால் யாருக்குப் பயம்? பொலிஸின் யுக்திய போதை ஒழிப்பு நடவடிக்கை தொடங்கியபோது எங்கள் தெருவில் கொஞ்ச நாள் அமைதியாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.


உளவளத் துணை
ஞாயிறு, காலை 10.50

வணிகன் ஐயா, உடனே என்ற உங்கள் சொல் சரியானது. நான் ஆலோசகராகச் சொல்கிறேன், மூன்று மாதம் கழித்து வரும் தண்டனையை மூளை எதோடும் முடிச்சுப் போடாது. ஹவாயில் ஸ்டீவன் ஆல்ம் என்ற நீதிபதி 2004இல் நீங்கள் சொன்னதையேதான் தொடங்கினார். மீறினால் அன்றைக்கே, சில நாள் மட்டும் சிறை. முதலில் நல்ல பலன் வந்தது. பிறகு அமெரிக்காவின் வேறு நாலு இடங்களில் அதே முறையைச் செய்து பார்த்தார்கள். 2016இல் முடிவு வந்தபோது, வழக்கமான கண்காணிப்பை விடக் குற்றம் குறையவில்லை. ஏன் என்று இன்னும் வாதாடுகிறார்கள். நான் புரிந்துகொண்டது, வேகம் வேண்டும், ஆனால் வேகத்தோடு சிகிச்சையும் போக வேண்டும்.

வேகம் தண்டனைக்கு மட்டும் உரியதல்ல. நல்லது செய்தால் உடனே சொல்வதும் அதே வேலையைச் செய்யும். ஐஸ் பாவிப்பவர்களுக்கு ஹெரோயினுக்கு இருப்பது போன்ற மாற்று மருந்து இல்லை. அவர்களில் நல்ல பலன் காட்டியிருப்பது என்ன தெரியுமா? ஒவ்வொரு சுத்தமான டெஸ்டுக்கும் ஒரு சின்னப் பரிசு. கேட்டால் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் நாற்பது வயது ஆண்கள் ஒரு பாராட்டுக் கடிதத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். வாழ்நாளில் அரசாங்கத் தாளில் அவர்களைப் பற்றி வந்த ஒரே நல்ல வார்த்தை அது.

கந்தக்காடு பற்றி. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின்படி மருத்துவ அறிக்கையைப் பார்த்து நீதவான் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்பலாம், உண்மைதான். ஆனால் 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்ததும் நூற்றுக்கணக்கானோர் உடைத்துக்கொண்டு வெளியேறியது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ஐக்கிய நாடுகளின் 12 அமைப்புகள் 2012இலேயே ஒன்றாக அறிக்கை விட்டு, கட்டாயத் தடுப்பு மையங்களை மூடி, விரும்பி வரும் சிகிச்சையை வீட்டுக்குப் பக்கத்தில் கொடுங்கள் என்று கேட்டன. மீண்டவன் சொன்ன அந்த மூன்றாவது நாள் மரணமும் தனிக் கதையல்ல. வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களைத் தொடர்ந்து பார்த்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், முதல் இரண்டு வாரத்தில் போதை மிகையாகிச் சாகும் அபாயம் பொதுமக்களை விட 129 மடங்கு. அடைத்து வைத்துவிட்டுப் பின்தொடராமல் திறந்துவிட்டால் அதுதான் நடக்கும்.

அக்கா, போகக் கூடிய இடங்கள். அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தில் சிகிச்சை உண்டு. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு எடுத்தால் அவர்களுடைய நிலையங்களைச் சொல்வார்கள், தலங்கமவில் ஒன்று இருக்கிறது. கொழும்பு 7இல் சுமித்ரயோவின் மெல் மெதுர, பகலில் போய் வரலாம், வேலையை விட வேண்டியதில்லை. எங்கே போனாலும் தமிழில் கதைக்கக் கூடிய ஆலோசகர் எந்த நாள் இருப்பார் என்று முன்கூட்டியே கேளுங்கள். சிங்களத்தில் விலை பேச முடிந்தவனுக்கும் மனதில் இருப்பதைச் சிங்களத்தில் சொல்ல முடியாமல் போகலாம்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். சோறு கொடுப்பது பிழையல்ல. காசும், தூள்காரனின் கடனைக் கட்டுவதும்தான் வேண்டாம். நீங்களும் அவனுக்கு உளவாளி ஆகாதீர்கள். அலுவலர் கேட்டால் "அவனிடமே கேளுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள்.


கோப்புக்காரி
ஞாயிறு, இரவு 9.00

டெஸ்ட் பற்றிக் கொஞ்சம். ஹெரோயின் சிறுநீரில் 1 முதல் 3 நாள் வரை தெரியும். ஐஸ் 2 முதல் 4 நாள். கஞ்சா தினமும் அடித்தவனுக்கு நிறுத்தி ஒரு மாதம் ஆன பிறகும் தெரியலாம், ஆக கஞ்சாவில் பிடிபட்டவனைப் பார்த்து "நேற்று அடித்தாய்" என்று சத்தியம் பண்ண முடியாது. கொடீன் கலந்த இருமல் மருந்து எடுத்தாலும் ஹெரோயின் வகை டெஸ்ட் பிடிக்கும். எந்த மருந்து எடுத்தாலும் டெஸ்டுக்கு முன் சொல்லச் சொல்லுங்கள், மருந்துச் சிட்டையைக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

இன்னொரு விசயம், எங்கள் ஆட்களும் இதைக் கவனிப்பதில்லை. டெஸ்ட் சுத்தமாக வருகிறது என்று மகிழ்ந்துகொண்டிருப்போம், ஆள் பிரிகபலின் என்ற நரம்பு வலிக் குளிசைக்கு மாறியிருப்பான். சாதாரண டெஸ்ட் பட்டியில் அது தெரியாது. தள்ளாடுகிறானா, நாக்குக் குழறுகிறதா என்று கண்ணால் பார்த்து, வாயால் கேட்டு அறிய வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை உள்ளே போனதும் தம்பியே வாயைத் திறந்து சொல்ல வேண்டும்: பாவித்தேன், கடைசியாக இந்த நாள், பயத்தில் வரவில்லை, சிகிச்சைக்குப் போக விருப்பம். அதை அவன் சொன்ன பிறகு அலுவலர் எழுதும் அறிக்கையும் அவன் சொல்லாமல் எழுதும் அறிக்கையும் ஒன்றாக இருக்காது. எனக்குத் தெரியும், நான்தான் அவற்றை எழுதுகிறவள்.


கொட்டாஞ்சேனை அக்கா
செவ்வாய், இரவு 9.55

போனோம்.

திங்கள் இரவு மீண்டவன் அண்ணா முகத்துவாரத்துக்கு வந்து அவனோடு ஓட்டோவுக்குள்ளேயே இரண்டு மணித்தியாலம் கதைத்தார். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தான். அம்மா ஒன்றும் சொல்லாமல் பாயைப் போட்டுக் கொடுத்தார்.

காலையில் உடம்பு முழுக்க நடுங்கியது. அலுவலக வாசலில் இரண்டு தடவை திரும்பிவிட்டான். உள்ளே போனதும் நான் பேச வாயெடுத்தேன், "அக்கா, இருங்கள்" என்றான். நீங்கள் எழுதிக் கொடுத்த நாலையும் சொன்னான். கடைசியாக அடித்தது ஞாயிறு என்றான், அது எனக்கே தெரியாது. மிஸ் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார், இரண்டு தவணை வராததை நீதிமன்றத்துக்கு அறிவிக்காமல் இருக்க முடியாது, ஆனால் தானாக வந்ததையும் சிகிச்சைக்குச் சம்மதித்ததையும் அதே கடிதத்தில் எழுதுவேன் என்று. அடுத்த மாதம் 14ஆம் திகதி நீதவான் முன்னால் போக வேண்டும். என்ன நடக்கும் என்று அவரும் உறுதி தரவில்லை, நானும் கேட்கவில்லை.

நேரத்தைப் பின்னேரம் 2 மணிக்கு மாற்றித் தந்தார். இனி வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும். நிபந்தனைகளைத் தமிழ் தெரிந்த இன்னொரு அலுவலரைக் கூப்பிட்டு வாசித்துச் சொல்ல வைத்தார். ஒன்பது நிபந்தனை இருந்தது. நாங்கள் நாலு என்று நினைத்திருந்தோம். வீடு மாறினால் அறிவிக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. முகத்துவாரத்தில் படுத்த இரண்டு வாரமும் அதையும் மீறியிருக்கிறான், அவனுக்கே தெரியாமல்.

வியாழக்கிழமை அங்கொடைக்குக் கடிதம் தந்திருக்கிறார். சட்டத்தரணி அண்ணா, 14ஆம் திகதிக்கு முன்னர் அந்தக் கிளினிக் அட்டையின் பிரதியைக் கோட்டில் கொடுக்க வேண்டுமா, அன்றைக்குக் கையில் கொண்டுபோனால் போதுமா?


புதுக்கடை சட்டத்தரணி
செவ்வாய், இரவு 10.20

அன்றைக்குக் கொண்டுபோனால் போதும். ஆனால் ஒரு பிரதியை வெள்ளிக்கிழமையே அலுவலரிடம் கொடுங்கள், அவருடைய அறிக்கையோடு சேர்ந்து போகட்டும். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். 14ஆம் திகதி நான் புதுக்கடையில்தான் இருப்பேன், தம்பியின் வழக்கு வேறு நீதிமன்றம் என்றால் வியாழனுக்குள் சொல்லுங்கள், அங்கே நிற்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டுப் பார்க்கிறேன்.


மீண்டவன்
செவ்வாய், இரவு 10.48

வியாழக்கிழமை அங்கொடைக்கு நான் ஏற்றிக்கொண்டு போகிறேன் அக்கா. காலை 7 மணிக்கு ஜம்பட்டா வீதிச் சந்தி. அம்மாவை இடியப்பம் கட்டித் தரச் சொல்லுங்கள், அங்கே வரிசை நீளம், பசியோடு இருந்தால் எழுந்து போய்விடுவான்.